பெயரும் உருபும்: 'போக்கிமான் பசில் லீக்' ஆட்டத்தின் மொழியாக்கம் குறித்து

'போக்கிமான் பசில் லீக்' என்னும் வீடியோ புதிர் ஆட்டம் நிண்டெண்டோ 64 கருவிக்காக 2000ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் 2001ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வெளிவந்தது. போக்கிமான் கார்ட்டூன் தொடரின் ஆங்கில வடிவத்தை அது தனக்கு அடிப்படையாகக் கொண்டது. தொடர் ஜப்பானில் பிறந்தது. ஆட்டத்தின் விதிகளும் ஜப்பானில் பிறந்தவையே. ஆயினும் இவ்விரண்டும் கூடிய இந்த ஆட்டம் அன்று ஜப்பானில் வெளியிடப்படவில்லை. ஜப்பானியப் பொருள்கள் இரண்டைக் கொண்டு ஜப்பானியர் அல்லாதார்க்கென்றே செய்யப்பட்ட ஒன்று அது. மொழிபெயர்ப்பாய்வில் இத்தகைய ஆட்டங்கள் பொருட்படுத்தப்படுவது அரிது. கட்டைகளைப் பொருத்தி அழிக்கும் ஓர் ஆட்டத்தில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். இருப்பது சிறிதே, ஆனால் அச்சிறிதளவில் மூலம், பெயர்ப்பு என்னும் உறவு எவ்வாறு காட்டப்படுகிறது, எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காண முடிகிறது. இக்கட்டுரை அதனையே நோக்குகிறது.

ஆட்டத்தின் விதியை முதலில் கூறிவிடுவது நலம். ஆறு பத்திகளும் பன்னிரண்டு வரிசைகளும் கொண்ட ஒரு களம். அதில் வண்ணக் கட்டைகள் அடியிலிருந்து மேல்நோக்கி எழுந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரு கட்டைகளை இடம் மாற்றுவது ஒன்றே ஆடுவோர் செய்யத்தக்க வினை. ஒரே குறியுடைய மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கட்டைகள் கிடையாகவோ நெடுக்காகவோ சேர்ந்தால் அழியும். அழிந்தவற்றின் மேலிருந்தவை சரிந்து விழுந்து மீண்டும் பொருந்தினால் அது தொடரழிவு. தொடரழிவு நீளுந்தோறும் எதிராளியின் களத்தில் பெருங்கட்டைகள் விழும். கட்டைகள் களத்தின் உச்சியைத் தொட்டால் தோல்வி.

இவ்விதி முதலில் 'பனெரு தெ பொன்' என்னும் பெயரில் 1995ஆம் ஆண்டு ஜப்பானில் சூப்பர் ஃபாமிக்கான் கருவிக்கு வெளிவந்தது. அதன் கதைமாந்தர் லிப் முதலிய தேவதைகள். 1996இல் அது மேலைநாடுகளுக்குச் சென்றபோது தேவதைகள் நீக்கப்பட்டு யோஷி என்னும் டைனோசரும் அதன் தோழர்களும் அமர்த்தப்பட்டனர். பெயர் 'டெட்ரிஸ் அட்டாக்' ஆயிற்று. மூன்றாவதாக வந்ததே போக்கிமான் வடிவம்.

சசூர் மொழியமைப்பை விளக்கச் சதுரங்கத்தை எடுத்துக்காட்டியது நம் வாசகர் அறிந்ததே. மரக்காய்களுக்கு மாற்றாகத் தந்தக் காய்களை வைத்தால் ஆட்டம் மாறுவதில்லை. காய்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஆட்டத்தின் இலக்கணமே மாறும் என்பது அவர் கருத்து. தேவதை போய் யோஷி வந்ததும், யோஷி போய்ப் பிக்காச்சு வந்ததும் மரம் போய்த் தந்தம் வந்ததற்கு ஒப்பானவையே எனத் தோன்றும். ஓரளவுக்கு இது சரியே. 'போக்கிமான் பசில் லீக்' ஆட்டத்தில் இலக்கணம் உண்மையாகவே மாறிய இடம் ஒன்று உண்டு: அதன் முப்பரிமாண வடிவத்தில் களம் ஓர் உருளையாகச் சுருட்டப்படுகிறது. தட்டையான களத்தில் ஓரக் கட்டைக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே அண்டை உண்டு; உருளையில் ஓரம் என்பதே இல்லை. இங்கு அது மொழிபெயர்ப்பு என்னும் நிலையைக் கடந்து புதிய ஆக்கமாகிறது. உருளையின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாமற் போவதால் ஆடுவதற்கு அது இடர்தருவது என்பது வேறு செய்தி.

எனினும் சசூரின் ஒப்புமை ஓரிடத்தில் போதாமற் போகிறது. சதுரங்கக் குதிரைக்குக் கதை இல்லை, இவ்வாட்டங்களுக்கு உண்டு. மூல ஆட்டத்தில் தோழியராகிய தேவதைகள் ஏன் ஒருவரோடொருவர் பொருத வேண்டும்? தீய அரசன் ஒருவனின் மந்திரத்தால் அவர்கள் கட்டுண்டிருக்கிறார்கள்; வென்றால்தான் கட்டு நீங்கும். 'டெட்ரிஸ் அட்டாக்' வடிவத்தில் இக்கதைத் தொடரியல் அப்படியே காக்கப்பட்டது. பௌசரின் மந்திரம், கட்டுண்ட தோழர், வெற்றியால் விடுதலை என எழுவாயும் செயப்படுபொருளும் மாற, வினை மாறாது நின்றது. போக்கிமான் வடிவமோ இதனைக் கைவிடுகிறது. போக்கிமான் உலகில் நண்பர்கள் பொருதுவது இயல்பு. போட்டியே அவ்வுலகின் ஒழுங்கு. ஆகவே மந்திரம் தேவைப்படவில்லை. ஆஷ் என்னும் சிறுவன் பயிற்சிக்கூடத் தலைவர்களை ஒருவர்பின் ஒருவராக வெல்கிறான். கடுமையான படிநிலைகளில் இறுதி எதிராளி மியூட்டூ. சொல்லுக்குச் சொல் செல்லாது, இலக்குப் பண்பாட்டில் இயல்பாக வழங்கும் கதையமைப்பைத் தேர்ந்த இம்முறையை நைடா கூறிய இயங்கு நிகரனுக்குச் சான்றாகக் காட்டலாம். இதனைச் செய்தவர்களின் கைத்திறனில் குறை காண இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போக்கிமான் உலகில் ஒவ்வோர் உயிருக்கும் ஓர் இயல்புவகை உண்டு. நீர் நெருப்பை வெல்லும், நெருப்புத் தாவரத்தை வெல்லும், தாவரம் நீரை வெல்லும். அவ்வுலகின் பொருண்மையியல் இதுவே. பெயர்களுக்குப் பொருள் தருவதும் இவ்வுறவே. புதிர் ஆட்டத்தில் ஆடுவோர் தமக்குரிய போக்கிமானைத் தெரிந்தெடுக்கலாம். ஆனால் தெரிவு எதனையும் மாற்றுவதில்லை. நெருப்புயிரை எடுத்தாலும் நீருயிரை எடுத்தாலும் கட்டைகள் ஒரே வகையாகவே விழும். குரலும் படமும் மட்டுமே வேறுபடும். சுருங்கக் கூறின், பயனிலை கொள்ளாத பெயர்களாக அவை நிற்கின்றன. தேவதைகளுக்கும் ஆட்டத்தில் தனி ஆற்றல் இல்லையே எனலாம். உண்மைதான், ஆனால் தேவதைகளிடம் அதனை எவரும் எதிர்பார்த்து வரவில்லை. போக்கிமானிடம் எதிர்பார்த்தே வருகின்றனர். புகழ்பெற்ற ஒன்றைப் போர்வையாக எடுப்போர்க்கு இக்கடன் உண்டு.

தனிப்பெயர்களின் மொழியாக்கத்தை நோக்கும்போது நிலைமை மிகவும் வேறாகிறது. இப்பணி புதிர் ஆட்டத்தைச் செய்தவர்களுடையது அன்று. தொடர் மேற்கே சென்றபோதே முடிந்தது. புதிர் ஆட்டம் அதன் பயனைப் பெற்றது. 'ஹிதொகாகெ' என்பதில் 'ஹி' நெருப்பு, 'தொகாகெ' பல்லி. ஆங்கிலத்தில் கருகுதலையும் சாலமாண்டரையும் சேர்த்துச் 'சார்மாண்டர்' என்றனர். பிரெஞ்சில் சாலமாண்டரோடு விளக்குத்திரியைக் குறிக்கும் 'மெஷ்' சேர்ந்து 'சாலமெஷ்' ஆயிற்று; ஜெர்மனில் கனலைக் குறிக்கும் 'குளூட்' சேர்ந்து 'குளுமண்டா' ஆயிற்று. நான்கு மொழியிலும் நெருப்பும் ஊர்வதும் எஞ்சின. ஒலி மட்டும் அந்தந்த மொழிக்குரியதாயிற்று. கலப்புச்சொல்லாக்கம் என்னும் முறைகூடக் காக்கப்பட்டமை பாராட்டத்தக்கது. பேசும் பூனையின் பெயரில் இது இன்னும் நுட்பமானது. ஜப்பானியப் பூனை 'ஞா' எனக் கத்தும், ஆகவே 'ஞாசு'. ஆங்கிலப் பூனையின் கத்தல்வழி 'மியாவ்த்', பிரெஞ்சுப் பூனையின் கத்தல்வழி 'மியாவுஸ்'. ஒலிக்குறிப்பு ஒலிக்குறிப்பாகவே பெயர்க்கப்பட்டது.

அப்பூனையோடு வரும் இருவர் ஜப்பானியத்தில் முசாஷி, கொஜிரோ. மியமொதோ முசாஷியும் சசாகி கொஜிரோவும் 1612இல் ஒரு தீவில் வாட்போர் புரிந்த பகைவர். அப்பெயர்களை இணைபிரியாத் திருட்டுக்கூட்டாளிகளுக்கு இட்டதில் நகை உண்டு. ஆங்கிலத்தில் அவர்கள் ஜெஸ்ஸி, ஜேம்ஸ். ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்பவன் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கொள்ளையன். ஒருவன் பெயரை இரண்டாக அறுத்து இருவர்க்கு இட்டனர். வரலாற்றுப் பெயருக்கு வரலாற்றுப் பெயர் என்னும் அளவில் நிகரன் கிடைத்தது. பகைவர் கூட்டாளியான முரண் போயிற்று. போனதற்கு ஈடாக, பிரிக்க முடியாத இருவர் என்னும் குறிப்பு வந்தது. இது நல்ல பண்டமாற்று என்றே கருதுகிறேன். மாறாமல் நின்ற பெயர்களுள் ஒன்று 'பிக்காச்சு'. 'பிகா' ஒளியின் பளிச்சிடலுக்கும் 'சூ' எலியின் கீச்சொலிக்கும் உரிய குறிப்புச்சொற்கள். பிறமொழியார்க்கு இவ்விரண்டும் புலப்படா. ஆங்கிலத் தொடரில் அதன் குரலும் ஜப்பானிய நடிகை இகுவே ஓதானியின் குரலாகவே தொடர்ந்தது.

இனி ஆட்டத்தின் தலைப்புக்கு வருவோம். 'பனெரு தெ பொன்' என்பதில் 'பனெரு' ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்ற சொல். 'பொன்' என்பது மெல்லெனத் தட்டும் அல்லது வெடிக்கும் ஒலிக்குறிப்பு. தமிழ் எழுத்தில் அது தங்கத்தைக் குறிக்கும் சொல்லாகத் தோன்றுவது தற்செயலே. இடையில் நிற்கும் 'தெ' வேற்றுமையுருபு. கருவிப்பொருளிலும், வினை நிகழும் இடப்பொருளிலும் அது வரும். தமிழில் மூன்றாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உரிய வேலைகளை அவ்வோர் உருபு செய்கிறது. ஆகவே தலைப்பின் பொருள் 'கட்டைகளால் பொன் என' என்பது போன்றது. உரோமானிய எழுத்தில் இதனைக் காணும் மேலையர் 'தெ' என்பதைப் பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளின் உடைமைச்சொல்லாகப் படிக்க வாய்ப்புண்டு.

இத்தலைப்பு ஜப்பானியரிடையே 'பனெபொன்' எனக் குறுகிற்று. 'பனெரு' கடைக்குறையாகி, உருபு தொக்கது. 'பொகெத்தொ மொன்சுதா' என்பது 'பொகெமொன்' எனக் குறுகியதும் இதே முறையில்தான். இரண்டும் நான்கு மாத்திரைச் சொற்கள். தமிழிலக்கணம் ஒற்றுக்கு அரை மாத்திரை தரும். ஜப்பானியமோ இறுதி னகர ஒலிக்கு முழு மாத்திரை தருகிறது. கையடக்கக் கருவிக்காக யோஷி வடிவம் 1996இல் ஜப்பானில் வெளிவந்தபோது அதற்கு இட்ட பெயர் 'யொஷ்ஷீ நொ பனெபொன்', அதாவது யோஷியின் பனெபொன். போக்கிமானைக் கொண்ட கையடக்க வடிவம் 2000இல் வந்தபோது 'பொகெமொன் தெ பனெபொன்' எனப் பெயர் பெற்றது: பொகெமொனைக் கொண்டு பனெபொன் என்றோ, பொகெமொனில் பனெபொன் என்றோ பொருள்கொள்ளலாம். முன்னதில் 'நொ' ஆறாம் வேற்றுமை. பின்னதில் 'தெ' மூன்றாவதோ ஏழாவதோ. இருவகையிலும் தலைமைச் சொல் பனெபொன். யோஷியும் பொகெமொனும் அடைகள். எது மூலம், எது மேற்போர்வை என்பதை ஓர் உருபு கணக்கு வைத்துக் காட்டிவிடுகிறது.

இவற்றின் ஆங்கிலப் பெயர்கள் முறையே 'டெட்ரிஸ் அட்டாக்', 'போக்கிமான் பசில் சேலஞ்ச்'. இவற்றில் உறவைக் காட்டும் உருபும் இல்லை. மூலப் பெயரின் சுவடும் இல்லை. 'டெட்ரிஸ்' என்பது நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. நான்கு சதுரங்களாலான காய்கள் மேலிருந்து விழும் உருசிய ஆட்டத்தின் பெயர். மூன்றைச் சேர்த்து அழிக்கும், கீழிருந்து எழும் ஆட்டத்திற்கு நான்கின் பெயரை இட்டனர். அப்பெயர் அக்காலத்தில் புதிர் ஆட்டம் என்னும் வகைக்கே பெயர்போல் வழங்கியமையால் விற்பனைக்கு உதவியிருக்கும், பொருளுக்கு உதவவில்லை.

'லீக்' என்னும் சொல்லின் பின்வரலாறு இதனினும் சுவையானது. அது போக்கிமான் கதையில் வரும் போட்டி அமைப்பின் பெயர். அதிலிருந்தே 'போக்கிமான் பசில் லீக்' தோன்றிற்று. 2005இல் தேவதையும் யோஷியும் போக்கிமானும் இல்லாமல் இதே விதி மீண்டும் வெளிவந்தபோது ஜப்பானியப் பெயர் 'டாக்டர் மாரியோ அண்டு பனெரு தெ பொன்'. ஆங்கிலப் பெயர் 'டாக்டர் மாரியோ அண்டு பசில் லீக்'. 2007இல் 'பிளானட் பசில் லீக்' வந்தது. போக்கிமான் உதிர்ந்தது, அதனோடு வந்த 'லீக்' ஒட்டிக்கொண்டு ஆட்டவகையின் பெயராயிற்று. வேர்ச்சொல் வழக்கொழிந்தபின் அதன் ஈறு மட்டும் எஞ்சுவதை மொழி வரலாற்றில் கண்டிருக்கிறோம். ஆனால் இங்கு எஞ்சியது மூலத்தின் ஈறன்று, போர்வையின் ஈறு. ஆங்கிலம் வழி இவ்வாட்டத்தை அறிந்தவர்க்குப் போக்கிமான் வடிவமே தலைப்பிள்ளையாகவும், 1995இன் தேவதைகள் எங்கோ ஒரு கிளைக்கதையாகவும் தோன்றுவதற்கு இப்பெயரிடலே வழிசெய்தது. வெனூட்டி 1995இல் பேசிய மொழிபெயர்ப்பாளரின் மறைவுக்கு இது மறுதலை; இங்கு மறைக்கப்பட்டது மூலமே.

மூலம் முற்றிலும் மறையவில்லை. 2001இல் வெளியான 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' என்னும் சண்டை ஆட்டத்தில் லிப் தேவதையின் மலர்க்கோல் ஒரு கருவியாக இடம்பெற்றது. அத்தேவதை தோன்றிய ஆட்டம் அப்போது மேலைநாடுகளில் விற்கப்பட்டதேயில்லை. 2020ஆம் ஆண்டு நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் சந்தாச் சேவை வழியாக 'பனெரு தெ பொன்' முதன்முறையாக மேலை ஆட்டக்காரர்க்கு வழங்கப்பட்டது. 'போக்கிமான் பசில் லீக்' அதே சேவையில் 2022இல் சேர்ந்தது. மூலம் வழங்கப்பட்டபோது அது மொழிபெயர்க்கப்படவில்லை. தேவதைகள் ஜப்பானியத்திலேயே பேசினர். கட்டைகளை மாற்றிப் பொருத்துவதில் எவர்க்கும் இடர்ப்பாடு நேர வழியில்லை. லிப் தன் தோழியரிடம் என்ன கூறுகிறாள் என்பதே ஜப்பானியம் அறியாதார்க்கு விளங்காமல் நின்றது.