கரைசலும் உரைநடையும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

அறிவியல் தமிழ் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 1875இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிட்ட ‘கெமிஸ்தம்’ தொடக்கம் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வரை, இலங்கையில் நடைபெற்ற பணி பெரிது. ஆயின், பொருள்களுக்குப் பெயர் கிடைத்தபின் அவற்றின் இயக்கத்தைச் சொல்லும் உரைநடையும் கிடைத்துவிட்டதா என்பதே வினா.

கரைசலிலுள்ள சேதன வெள்ளீயச் சேர்வைகள் இதற்குத் தக்க உரைகல்லாகும். மும்மெதைல் வெள்ளீயக் குளோரைட்டு பென்சீனில் நான்முகி வடிவில் உள்ளது. பிரிடீனிலோ, கரைப்பானின் நைதரசன் தன் இலத்திரன் சோடியை வெள்ளீயத்துக்கு ஈவதால் ஐந்தாவது பிணைப்பு உண்டாகிறது. மூன்று மெதைல் கூட்டங்களும் ஒரு தளத்தில் விரிய, குளோரினும் பிரிடீனும் எதிரெதிரே அமைகின்றன. திண்மத்தில் இதே சேர்வை குளோரின் பாலங்களாற் சங்கிலியாகிறது. கரைசலில் இப்பிணைப்புகள் இடையறாது தோன்றி அறுகின்றன. பரிமாற்றம் மிக விரைவாயின், கருக்காந்தப் பரிவு நிறமாலை தனித்தனி வடிவங்களைக் காட்டாது, அவற்றின் சராசரியையே காட்டும்.

இந்நிலையில் ‘இச்சேர்வை நான்முகி அமைப்பை உடையது’ எனும் பாடநூல் வாக்கியம் அரை உண்மையே. ‘உடையது’ என்ற முற்று, சூழலையும் காலத்தையும் மறைத்து, உறவுகளால் விளைவதைப் பொருளின் நிலையான பண்பாக்கிவிடுகிறது. சரக்கைப் பற்றிய ஆய்வில் மார்க்ஸ் வெளிப்படுத்திய மயக்கமும் இத்தகையதே. இதனால் இரசாயனம் இயங்கியலை நிரூபிக்கிறது என்பதன்று. பிழையான நோக்கு வாக்கிய அமைப்பிலும் குடிகொள்ளும் என்பதே கருத்து.

இக்குறை எல்லோரையும் ஒரே அளவிற் பாதிப்பதில்லை. பிறமொழி நூல்களை நாடக்கூடிய மாணவன் அதனைக் கடந்துவிடுவான். பதுளைத் தோட்டமொன்றின் மாணவிக்குத் தமிழ்ப் பாடநூலே முழு உலகம். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரும், உயர்தர விஞ்ஞான வகுப்புகள் அங்கு நெடுங்காலம் அரிதாகவே இருந்தன.

அவளது சூழலோ இயக்க அறிவில் வறியதன்று. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுகிறது, உருட்டப்படுகிறது, நிறம் மாறுகிறது, காய்கிறது. ‘நொதித்தல்’ என வழங்கும் கட்டம் உண்மையில் நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமே. நிறத்தாலும் மணத்தாலும் அதன் பருவம் அறிந்து நிறுத்துவது உழைப்பின் அறிவு. அவ்வறிவின் வினைச்சொற்களைப் பாடநூல் புறக்கணிப்பது மொழி வறுமையாலன்று, வர்க்கப் பாராமுகத்தால் எனலாம்.

எனவே, இனி வேண்டுவது மற்றுமொரு சொற்பட்டியல் அன்று. எந்தக் கரைப்பானில், எந்த வெப்பநிலையில், எது எதுவாக மாறுகிறது என்று வினைமுற்றுகளாற் பேசும் உரைநடையே வேண்டப்படுவது.