நாற்காலியை எடுத்தார்கள், கதவைப் பார்க்கவில்லை

லண்டனில் முதியோருக்கென்று கட்டிய அடுக்குமாடி ஒன்றில் என் பெரியம்மா இருக்கிறார். லிஃப்டிலிருந்து அவர் வீட்டுக்கு நீளமான நடைவழி. பாதி வழியில் ஒரு மர நாற்காலி கிடந்தது. காய்கறிப் பையைக் கீழே வைத்து, அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதியை நடப்பார். போன வருடம் நிர்வாகம் அதை எடுத்துவிட்டது. வாசல் மிதியடிகளும் பூந்தொட்டிகளும் கூடவே போயின.

இங்கிலாந்தில் அடுக்குமாடிகளின் தீப் பாதுகாப்புக்காக 2011இல் வந்த வழிகாட்டி, பொது இடங்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, எதையுமே வைக்க விடாத முழுத் தடை. மற்றது, ஆபத்து குறைந்த சிலவற்றை வரம்போடு அனுமதிப்பது. பெரியம்மாவின் கட்டடம் முதல் வழியைப் பிடித்துக்கொண்டது.

முழுத் தடையில் நியாயம் உண்டு; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடக்கச் சிரமப்படுபவர்கள் ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டரைச் சிலர் நடைவழியிலேயே சார்ஜ் போடுகிறார்கள். அது பற்றிக்கொண்டால், பிளாஸ்டிக்கும் இருக்கை நுரையும் கக்கும் கரும்புகை சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடும். வாக்கர் பிடித்து வருகிறவரால் அதைத் தாண்ட முடியாது. எதுவும் கூடாது என்றுவிட்டால், இது ஆகுமா, அது ஆகுமா என்ற வாக்குவாதத்துக்கும் இடமில்லை.

ஆனால் அந்த ஸ்கூட்டரையும் ஒரு மர நாற்காலியையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. அதைவிடப் பெரிய குறை, கண்ணில் படுவதை அகற்றியதுமே வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுவது. ஸ்காட்லாந்தின் ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் 2004 ஜனவரி 31 அதிகாலை பிடித்த தீ 14 பேரைக் கொன்றது. தீ பிறந்தது நடைவழியை ஒட்டிய சிறு அறைக்குள், மின்பகிர்வுப் பெட்டியில். ஸ்பிரே டப்பாக்களும் அங்கேதான் இருந்தன. படுக்கையறைக் கதவுகள் பல திறந்து கிடந்ததால், புகை நேரே தூங்கிக்கொண்டிருந்தவர்களிடம் போனது. ஊழியர்கள் தீ எங்கே என்று தேடியதில் தீயணைப்புத் துறைக்குத் தகவல் தாமதமானது. நடைவழியை எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும் இவற்றில் ஒன்றும் மாறியிருக்காது.

2017இல் தீ 72 பேரைப் பலிகொண்ட லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில், அங்கே வசித்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் இறந்தார்கள். தாமாக வெளியேற முடியாத ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வேண்டும் என்று விசாரணை ஆணையம் 2019இல் சொன்னது. 2022இல் அரசு அதை ஏற்க மறுத்தது. 2025இல்தான் இதற்கான விதிகள் வந்தன.

பெரியம்மா வீட்டு வாசலில் இருப்பது தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு. மூட்டுவலிக் கையால் அதைத் தள்ள முடியாமல், பகலெல்லாம் மடித்த செய்தித்தாளை அடியில் செருகித் திறந்தே வைக்கிறார். மற்ற நேரத்தில் கதவை லேசாக அசைய விட்டு, அலாரம் அடித்தால் மட்டும் மூடிவிடும் கருவிகள் சந்தையில் உண்டு. நாற்காலியை எடுக்க வந்தவர்கள் அந்தச் செய்தித்தாளைக் கடந்துதான் போனார்கள். இரவில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் தூங்குகிறார் என்பதையும் யாரும் கேட்டறியவில்லை.