கணிப்பொறி ஓவியமும் கருவறை மறைப்பும்

சதுரம், எண்கோணம், வட்டம் ஆகிய வடிவங்களைக் கணிப்பொறியால் அடுக்கி, பழந்திருக்கோயில்களின் அமைப்பை அருவ ஓவியமாகத் தீட்டுங் கலை இந்நாளிற் பெருகி வருகின்றது. இவற்றைத் தெய்வத்தன்மை உடையன என்று போற்றுவாரும், வெறும் பொறியின் விளையாட்டு என்று இகழ்வாரும் உளர். இருவர் கூற்றும் ஆராயற்பாலன.

இகழ்வார் கூற்றுப் பொருந்தாது. என்னை? வடிவமும் கணக்கும் சைவர்க்கு அயலன அல்ல. திருமூலர் நான்காந் தந்திரத்துட் சக்கரங்கள் பலவற்றை வகுத்தருளினார். மகளிர் இடும் கோலத்திற்கும் விதியுண்டென்பதைக் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்போர் 1974ஆம் ஆண்டிற் கணிப்பொறி இலக்கண நெறியால் விளக்கினர். கோயிற் சிகரங்களில் ஓருறுப்பே சிறிதாகிச் சிறிதாகித் திரும்பத் தோன்றும் முறையைக் கீர்த்தி திரிவேதி 1989ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

இனிப் போற்றுவார் கூற்றை நோக்குவாம். ஆகமவழிச் சமைக்கும் இலிங்கத்தின் அடி சதுரம். அஃது அயன் பாகம். நடு எண்கோணம், அது மால் பாகம். முடி வட்டம்; அஃது உருத்திர பாகம். முன்னவை இரண்டும் பீடத்துள் மறைய, வட்டம் ஒன்றே கட்புலனாம். ஓவியமோ மூன்றையும் ஒரு தளத்தில் ஒருங்கே விரித்துவிடுகின்றது.

அம்பத்தூர்ப் பகுதியை அடுத்துள்ள இரு பாடல்பெற்ற தலங்கள் இதனைத் தெளிவிக்கும். பாடியிலுள்ள திருவலிதாயத்தும், வட திருமுல்லைவாயிலிலும் விமானம் தூங்கானைமாடமாம். வாயிலின் முன் நிற்பார்க்கு அதன் பின்வளைவு தோன்றாது; வலம் வருவார்க்கே சிறிது சிறிதாகப் புலப்படும். மேலிருந்து நோக்கினாற்போல் வரையும் ஓவியம் அவ்வளைவை ஒருநொடியிற் காட்டி ஒழிகின்றது. முல்லைவாயில் மாசிலாமணியீசரோ சந்தனக் காப்பினுள் மறைந்திருந்து, ஆண்டுக்கொருமுறை சித்திரைச் சதயத்தை ஒட்டியே அக்காப்பு நீங்கிக் காட்சியளிப்பர்.

மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்றேயாம். உயிர் பக்குவம் எய்துமளவும் திரோதான சத்தி மறைத்து நின்று அருளுக்கு வழிசெய்யும். கோயில் வடிவம் இம்மெய்ம்மையைக் கல்லிற் பயில்விப்பது. முழுதுங் காட்டி நிற்கும் ஓவியம் கோயிலின் அளவைக் கொண்டதேயன்றி, அதன் கருத்தைக் கொண்டதன்று.

அற்றேல், ஓவியத்திற்கு மறைத்தல் கூடுமோ எனின், கூடும். காண்பார் அணுகுந்தோறும் ஒவ்வோர் உறுப்பாக வெளிப்படச் செய்தல் கணிப்பொறிக்கு அரிதன்று. கலைவல்லார் கோடிடுதற்கு முன் அவ்விமானத்தை ஒருகால் வலம் வருவாராக. எதனை வரையாது விடுதல் வேண்டுமென்பது அப்போது விளங்கும்.