சாமி கும்பிடுறவங்க ஓட்டு யாருக்கு?

கோவைத் தேர்தல் முடிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரிடம் ரெண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். தாமரைக்கு ஓட்டு கூடினால், ‘இந்து ஓட்டு ஒன்று சேர்ந்துவிட்டது’. குறைந்தால், ‘இது பெரியார் மண், இங்கே மதம் எடுபடாது’. பழைய முடிவுகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ரெண்டுமே நிற்காது என்றுதான் தோன்றுகிறது.

1998-இலிருந்து தொடங்குவோம். முந்தைய நவம்பர் கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். பிப்ரவரி 14 அன்று, அத்வானி ஆர்.எஸ்.புரத்தில் பேச இருந்த நேரத்தில், தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் பலி. அந்தத் தேர்தலில் பா.ஜ.க.வின் சி.பி.ராதாகிருஷ்ணன் சுமார் 1.44 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ‘குண்டுதான் காரணம்’ என்று சொல்வது சுலபம். ஆனால் அவருடன் அ.தி.மு.க. இருந்தது, அந்தக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 30-ஐ அள்ளியது.

1999-இல் தி.மு.க. பா.ஜ.க. பக்கம் வந்தது. மறுபடியும் அவரே ஜெயித்தார். வித்தியாசம் சுமார் 54 ஆயிரம். 2004-இல் தி.மு.க. எதிரணிக்குப் போனது. அதே வேட்பாளர், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயனிடம் ஏறக்குறைய 1.6 லட்சத்தில் தோற்றார். 2009-இல் பெரிய கூட்டணி இல்லாத பா.ஜ.க. 40 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அதே தேர்தலில் புதிதாக வந்த கொங்குநாடு முன்னேற்றக் கழகம் சுமார் 1.28 லட்சம் வாங்கியது. சாதிக்குத் திரண்ட அளவுக்குக்கூட மதத்துக்குத் திரளவில்லை.

இந்த வருஷங்களில் கோவைக்காரர்கள் சாமி கும்பிடுவதை விட்டுவிட்டார்களா என்ன? கோனியம்மன் தேருக்குக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. மாறாமல் இருக்கிற ஒன்றைக் காட்டி, மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை எப்படி விளக்குவது?

சரி, அப்போ எல்லாம் கூட்டணிக் கணக்குதானா? அதுவும் இல்லை. 2024-இல் அ.தி.மு.க. துணையில்லாமலே அண்ணாமலை சுமார் 4.5 லட்சம் ஓட்டு வாங்கினார். தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 1.18 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார் என்றாலும், அது சின்ன எண் இல்லை. அதில் பக்தி எவ்வளவு, சாதி எவ்வளவு, வேட்பாளரின் முகம் எவ்வளவு, ரெண்டு கழகங்கள் மேலும் உள்ள சலிப்பு எவ்வளவு? ஓட்டு மெஷின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டரிடம் கேட்டேன். என் அப்பா. காந்திபுரத்தில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தைப்பூசத்துக்கு மருதமலை ஏறாத வருஷம் கிடையாது. ஓட்டு எப்போதும் சூரியனுக்கு, இல்லையென்றால் சூரியன் கைகாட்டும் சின்னத்துக்கு. அந்தக் கணக்கில்தான் 1999-இல் தாமரை, 2004-இல் கதிர் அரிவாள். தப்பிப்போனது 1998 மட்டும். அந்த வருஷம் சூரியனே எதிரே நின்றது. அவர் தாமரைக்குப் போட்டார்.

“ஏம்ப்பா, சாமிக்காகவா?”

“சாமிக்கு எதுக்குடா கண்ணு என் ஓட்டு? பயந்துட்டுப் போட்டேன். கடையத் திறக்க முடியுமான்னே தெரியல.”

பக்தியையும் பயத்தையும் ஒரே பெட்டியில் போட்டு ‘மத ஓட்டு’ என்று பெயர் எழுதிவிடுகிறோம். என் குறை இதுதான். சட்டமும் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை வேட்பாளரின் மதத்தோடு நிற்காது, வாக்காளரின் மதத்துக்கும் பொருந்தும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் பயமுறுத்த சாமி பேரைச் சொல்ல வேண்டியதே இல்லை. ‘நாளைக்கு உன் கடை இருக்குமா?’ என்று கேட்டால் போதும்.

அப்பாவுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கோட்டைமேட்டுக்காரர் ஒருவர் அந்த வருஷத்தோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாராம். அவர் யாருக்குப் போட்டிருப்பார் என்று கேட்டேன்.

“தெரியலடா. அவரும் பயந்துதான் போட்டிருப்பாரு.”