ஃபாரினெல்லியின் அருகில் இருக்கும் பெண்

மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் யாக்கோப்போ அமிகோனி வரைந்த ஒரு குழு ஓவியம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவையே தன் குரலால் கட்டிப்போட்ட ஃபாரினெல்லி அதன் நாயகர். கூடவே கவிஞர் மெடாஸ்டாஸியோ, ஓவியர் அமிகோனி, பணியாளாக ஒரு பையன், ஒரு நாய். பாடகருக்கு அருகில் ஓர் இளம்பெண்.

அவள் யார்? 1770இல் ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, பொலோன்யாவில் ஓய்வாக வாழ்ந்துவந்த ஃபாரினெல்லியின் வீட்டுக்கே போய் இந்த ஓவியத்தைப் பார்த்தார். அந்தப் பெண் புகழ்பெற்ற ஓபரா பாடகி ஃபௌஸ்தினா என்று தன் பயண நூலில் எழுதினார். பார்த்தவர் இசையறிந்தவர், ஓவியத்துக்கு உரியவரோ அதே வீட்டில் உயிரோடு இருந்தார். இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா என்றே தோன்றும். ஆனாலும் அந்தப் பெயர் தவறு.

அந்தத் தவறை ஓவியமே திருத்துவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஃபாரினெல்லி அணிந்திருக்கும் காலட்ராவா சிலுவையைப் பாருங்கள். ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெர்டினாண்ட் அந்த விருதை அவருக்கு அளித்தது 1750இல். அமிகோனி மாட்ரிட்டில் இறந்தது 1752இல். ஆகவே இந்த ஓவியம் பிறந்தது அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள்தான். ஃபௌஸ்தினா பிறந்தது 1697. அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவர் இருந்ததும் ட்ரெஸ்டனில், தன் கணவரான இசையமைப்பாளர் ஹாஸ்ஸேயோடு. ஓவியத்தில் இருப்பவளோ இளமை மாறாதவள். அந்த ஆண்டுகளில் மாட்ரிட் அரசவையில் பாடிய இளம் சோப்ரானோ தெரேஸா காஸ்தெல்லினி என்பதே இன்று ஏற்கப்பட்ட முடிவு. ஒரு சிறு சிலுவையும் இரண்டு தேதிகளும், வீடு தேடிப் போய்ப் பார்த்தவரின் வாக்கை மாற்றிவிட்டன.

இதே ஓவியம் இன்னொன்றும் கற்றுத்தருகிறது. மெடாஸ்டாஸியோ 1730 முதல் சாகும்வரை வியன்னாவில் வாழ்ந்தவர். ஃபாரினெல்லி 1737இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தார். இளமையில் நேப்பிள்ஸில் தொடங்கிய நட்பு அவர்களுடையது. கடிதங்களில் ஒருவரையொருவர் ‘இரட்டையர்’ என்றே விளித்துக்கொண்டார்கள். ஆகவே ஓவியத்தில் நாம் காணும் கூட்டம் மாட்ரிட்டில் ஒருநாளும் கூடவில்லை. கவிஞரின் முகம் வேறொரு படத்தைப் பார்த்துத்தான் வரையப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால், ஓர் ஓவியத்தில் ஒருவர் இன்னார் என்று உறுதியானாலும் அவர் ஓவியர் முன் உட்கார்ந்தார் என்று ஆகிவிடாது. அடையாளம் தேடுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோவது இதைத்தான். எனக்கோ, இது தெரிந்தபின் ஓவியத்தின் மேல் பிரியம் கூடியது. தொலைவில் இருக்கும் நண்பனைத் தூரிகையால் வரவழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்வது எவ்வளவு பெரிய அன்பு!

பாடகர்களின் பழைய ஓவியங்களில் இந்தச் சிக்கல் அதிகம். பெயர் தெரியாத ஓர் அழகியின் படத்தைவிடப் பேர்போன பாடகியின் படம் நல்ல விலைக்குப் போகும். பெயர் ஒட்டிக்கொள்ள அது போதும். கையில் இசைத்தாள் இருப்பதும் சாட்சியாகாது. செல்வர் வீட்டுப் பெண்களும் இசைத்தாளோடு படம் வரைந்துகொண்டார்கள்.

முகத்தை நம்பலாமே என்றால், அதுவும் எளிதல்ல. லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பார்த்தோலோமியோ நாஸாரி 1734இல் வரைந்த ஃபாரினெல்லி இருக்கிறார். பொலோன்யா இசை அருங்காட்சியகத்தில் ஸ்பானிய நாட்களில் கொர்ராதோ ஜாக்வின்தோ வரைந்தவர் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபது வருட முதுமை. போதாததற்கு, ஒவ்வோர் ஓவியரும் தனக்குப் பழகிய கண்ணையும் உதட்டையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். அமிகோனியின் பெண்கள் எல்லாருமே அக்கா தங்கை போல இருப்பார்கள்.

முகத்தை வேண்டுமென்றே கோணலாக்கிய கேலிச்சித்திரங்களைத்தான் நான் அதிகம் நம்புவேன். ரோமில் பியர் லியோனே கெத்ஸி தன் கோட்டுச் சித்திரங்களில் ஆள் யார் என்பதைத் தன் கைப்பட எழுதிவைக்கும் வழக்கமுள்ளவர். பெண் வேடமிட்ட இளம் ஃபாரினெல்லியை அவர் 1724இல் வரைந்தார். நியூயார்க் மார்கன் நூலகத்தில் அது இருக்கிறது. வெனிஸில் அந்தோனியோ மரியா ஸனெத்தியும் மேடைப் பாடகர்களை இப்படி வரைந்து குவித்தார். இவர்கள் கண்ணில் முதலில் பட்டது உடம்பு. மகரக்கட்டு உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே அறுவைக்கு ஆளாக்கப்பட்ட பாடகர்களுக்கு எலும்பின் வளர்ச்சி உரிய வயதில் நிற்பதில்லை. கைகால்கள் நீண்டுகொண்டே போகும். பளபளப்பான எண்ணெய் ஓவியங்கள் பட்டாலும் பின்னலாலும் மூடிவைத்ததை இந்த மைக்கோடுகள் சொல்லிவிட்டன. 2006இல் பொலோன்யா கல்லறைத் தோட்டத்தில் ஃபாரினெல்லியின் எலும்புகளை எடுத்து ஆராய்ந்தபோதும் நீண்ட கைகால் எலும்புகளே கிடைத்தன.

ஆனால் எல்லாக் கேலிக்கும் பெயர் தேடக் கூடாது. ஹோகார்த் 1743 வாக்கில் வரைந்த ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ வரிசையின் நான்காம் ஓவியத்தில், சீமாட்டியின் ஒப்பனை அறையில் நகைகள் மின்ன, பருத்த பாடகர் ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார். அவர் ஃபாரினெல்லி என்றும், செனெஸீனோ என்றும், கரெஸ்தீனி என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்லியிருக்கிறார்கள். செனெஸீனோ 1736இலும், ஃபாரினெல்லி 1737இலும், கரெஸ்தீனி 1740இலும் லண்டனை விட்டுப் போய்விட்டவர்கள். அச்சுப்படங்களைப் பார்த்து ஹோகார்த் வரைந்திருக்கலாம்தான். ஆனால் அவர் கேலி செய்தது ஒரு மோகத்தை. வெளிநாட்டுக் குரலுக்கு லண்டன் சீமான்கள் கொட்டிக்கொடுத்த காசை. அதற்கு மூவரின் சாயலும் சேர்ந்த ஒரு பாடகர் போதும். காஸ்தெல்லினியின் பெயரை மீட்டதை மனமாரப் பாராட்டும் நான், இந்தப் பாடகரின் கீழே ‘இத்தாலியப் பாடகர்’ என்று மட்டும் எழுதச் சொல்வேன்.