குழந்தையாகச் சொன்னது யாரிடம்?

லிசியே நகரத்துத் தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்து 2025 மே மாதத்தோடு நூறு ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய இறைநம்பிக்கையைப் பற்றித் திருத்தூது ஊக்கவுரை ஒன்றை வெளியிட்டிருந்தார். இவற்றையொட்டி அவர் காட்டிய ‘சிறிய வழி’ மறையுரைகளிலும் தியானங்களிலும் மறுபடி பேசப்படுகிறது. அவரைக் குறிக்கும் சிறுமலர் என்ற பெயரில் ஊருக்கு ஊர் பள்ளி நடத்தும் தமிழகத் திருச்சபைக்கும் அது நெருக்கமான பேச்சுதான். அந்த வழி செய்த நன்மை பெரிது. கடுந்தவமும் தண்டனை அச்சமும் பக்தியை ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில், பாத்திரம் கழுவுகிறவரும் துணி வெளுக்கிறவரும் இருந்த இடத்திலேயே புனிதராகலாம் என்று ஓர் இளம்பெண் எழுதிவைத்தார். தகுதியைக் கணக்குப் பார்க்காமல் வெறுங்கையோடு இறைவன் முன் நிற்கலாம் என்ற அவருடைய துணிவு, மறைவல்லுநர் என்று 1997இல் அவரைப் போற்றியதற்குப் போதுமான காரணம். ஆனால் அவர் பெயரால் இன்று கற்பிக்கப்படும் குழந்தைமை வேறொன்றாக இருக்கிறது. ‘கேள்வி கேட்காதே, பெரியவர்களுக்குத் தெரியும், நீ சின்னவள், அமைதியாயிரு’ என்பதே அதன் சாரம். தாழ்ச்சி என்று பெயர் சூட்டி இதை இறைமக்களிடம் கேட்பது தவறு.

மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சூழல் தெளிவாக இருக்கிறது. விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்கிறார்கள். அதாவது, பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் கேட்கிறார்கள். அன்றைய சமூகத்தில் எந்த உரிமையும் இல்லாத ஒரு பிள்ளையை இயேசு அவர்கள் நடுவில் நிறுத்தி, இவரைப் போல ஆகுங்கள் என்கிறார். ஆக, அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் நாளைய தலைவர்கள். ஏற்கெனவே சிறியவராய் இருப்பவரிடம் இன்னும் சிறுத்துப் போ என்று அவர் சொல்லவே இல்லை. அடுத்த வசனங்களில், சிறியோரை இடறச் செய்கிறவனுக்குக் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவதே மேல் என்கிறார். இன்னும் சற்றுத் தள்ளி, உனக்குத் தீங்கு செய்த சகோதரனை நேரில் கண்டி, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல் என்று வழிமுறையே வகுத்துத் தருகிறார். குழந்தையை நடுவில் நிறுத்திய அதே அதிகாரம், வாய்திறந்து முறையிடும் உரிமையையும் தருகிறது. நம் மறையுரைகளோ பெரும்பாலும் நான்காம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. புதிய ஏற்பாட்டுத் திருமுகங்களும் முதிர்ச்சியையே கேட்கின்றன. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தீமையில் குழந்தைகளாகவும் சிந்தனையில் முதிர்ந்தோராகவும் இருக்கச் சொல்கிறார். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், இத்தனை காலமாகியும் பாலே குடித்துக்கொண்டிருக்கிறீர்களே என்று கடிந்துகொள்கிறது.

தெரேசாவின் வாழ்வும் இந்த அடங்கிய குழந்தைச் சித்திரத்துக்குள் அடங்கவில்லை. 1887 நவம்பரில், பதினான்கு வயதில், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் முன் மண்டியிட்டபோது பேசக்கூடாது என்று தடை இருந்தது. அவர் பேசினார், கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டார். 1892இல், மடத்துத் தலைவியிடம் அளவுமீறிய பற்று வைத்திருந்த ஒரு சகோதரியிடம், அது அன்பாகாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். விஷயம் தலைவிக்குத் தெரிந்தால் தன்னை வேறு மடத்துக்கு அனுப்பக்கூடும் என்று அறிந்தே சொன்னார். குருவாகும் ஏக்கத்தை 1896இல் எழுதிவைத்தார். அதே ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழாக் காலத்திலிருந்து சாகும்வரை நம்பிக்கை இருண்டு கிடந்ததையும், நம்பாதவர்களின் பந்தியில் அமர்ந்து உண்பதாகத் தான் உணர்ந்ததையும் மறைக்காமல் எழுதினார். இவ்வளவு நேர்மையாகத் தன் இருளைச் சொல்வது முதிர்ந்த மனத்தால் மட்டுமே ஆகும். 1898இல் வெளிவந்த ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ நூலிலோ, தெரேசாவின் அக்காள் பவுலீன் கைபட்டு, மூலம் ஆயிரக்கணக்கான இடங்களில் மாறியிருந்தது. இன்னோர் அக்காள் செலின் எடுத்த நிழற்படங்களும் மெருகேற்றப்பட்டு, கனிந்த பொம்மை முகமாகவே உலகெங்கும் போயின. தெரேசா எழுதியபடியே கையெழுத்துப் படிகள் வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் வழிபட்டது பெரிதும் அந்தத் திருத்திய பதிப்பைத்தான்.

அவர் தலைவிக்குக் கீழ்ப்படிந்தாரே, கீழ்ப்படிதல் இல்லாத தாழ்ச்சி உண்டா என்று கேட்பார்கள். கீழ்ப்படிந்தார், உண்மை. ஆனால் தன் தீர்ப்பை அடகு வைத்துவிட்டுக் கீழ்ப்படியவில்லை. தவறைத் தவறென்று கண்ட கண்ணோடு கீழ்ப்படிந்தார். குழந்தைமையைப் போதிப்பவர்கள் கேட்பது அந்தக் கண்ணைத்தான். அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெரேசாவின் நாடே சாட்சி. பிரான்ஸ் ஆயர்களும் துறவற சபைகளும் கேட்டு அமைந்த தனி ஆணைக்குழு, 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறார் சுமார் 2,16,000 பேர் என்று 2021 அக்டோபரில் மதிப்பிட்டது. குருவை எட்டாத உயரத்தில் வைத்ததையும் கீழ்ப்படிதலைத் திரித்ததையும் அது குற்றமாகச் சுட்டியது. இந்த விளைவுக்குச் ‘சிறிய வழி’ காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளை வாயடைக்கச் செய்த மனப்பழக்கமும், பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஞாயிறுதோறும் ஊட்டப்படும் பணிவும் ஒரே பயிற்சியில் விளைந்தவை என்பதே என் வாதம். அன்பான, மென்மையான குரலில் ஊட்டப்படுவதால் அதன் ஆபத்து குறைந்துவிடாது. யாருக்கும் எதிர்க்கத் தோன்றாது என்பதால் அது கூடுகிறது.

இறைவன் முன் குழந்தையாய் இருப்பது வேறு, குருவின் முன் குழந்தையாய் இருப்பது வேறு. முதலாவதைத் தெரேசா வாழ்ந்து காட்டினார். இரண்டாவதை அவர் கற்பிக்கவே இல்லை. எனவே மறையுரை ஆற்றுவோரிடம் ஒரு வேண்டுகோள்: குழந்தையாகுங்கள் என்ற அழைப்பை முதலில் ஆயர் இல்லத்திலும் குருமடத்திலும் பங்குப் பேரவையின் தலைமை நாற்காலியிலும் சொல்லுங்கள். பீடத்துக்கு எதிரே அமர்ந்திருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பதினெட்டாம் அதிகாரத்தைக் கடைசி வசனம்வரை வாசித்துக் காட்டுங்கள்.