துஷின்ஸ்கி படமாளிகையும் அதனைக் காணும் முறையும்

திரைப்படம் காட்டப்படும் இடத்துக்கு ஈழத்துத் தமிழில் வழங்கும் பெயர் படமாளிகை என்பதாகும். நாற்காலிகளும் வெண்டிரையும் அன்றி வேறெதுவும் இல்லாத எளிய கொட்டகையையும் மக்கள் இப்பெயராலேயே அழைத்து வந்தனர். ஆதலின், இச்சொல்லின் பிற்பகுதியாகிய ‘மாளிகை’ என்பதன் பொருளை ஊன்றி நோக்குவோர் அரியர். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இச்சொல்லின் முழுப்பொருளும் பொருந்தும் வண்ணம் மெய்யான மாளிகைகள் திரைப்படத்துக்கென எழுப்பப்பட்டன. அவற்றுள் இன்றும் படம் காட்டப்பெறுவனவற்றுள் சிறந்த ஒன்று, ஒல்லாந்து நாட்டின் தலைநகராகிய அம்ஸ்ரர்டாமில் உள்ள துஷின்ஸ்கி படமாளிகை. உலகின் பல பாகங்களிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் சென்று அதனைப் பார்க்கின்றனர். அவர்கள் காண்பது எதனை, காணாது விடுவது எதனை என்பது ஆராயத்தக்கது.

முந்த் சதுக்கத்துக்கும் றெம்பிராண்ட் சதுக்கத்துக்கும் இடையே, கடைகள் நெருங்கிய ஒடுங்கிய வீதியொன்றில் இம்மாளிகை அமைந்துள்ளது. முகப்பின் இருமருங்கும் கோபுரங்கள் ஓங்கி நிற்க, மெருகூட்டிய ஓடுகளுக்கிடையே சிற்பங்களும் உலோக வேலைப்பாடுகளும் விளக்குகளும் செறிந்து காணப்படுகின்றன. வாயிலைக் கடந்தவுடன் காலடியில் வண்ணக் கம்பளம், தலைக்கு மேலே நிறம் மாறி ஒளிரும் விளக்குகள், சுவரெங்கும் ஓவியம். கட்டடத்தை வகுத்தவர் ஹைமன் லூயி டி யோங் என்பவர். உள்ளலங்காரத்தில் யாப் கிடிங், பீற்றர் டென் பெஸ்ரன் முதலிய கலைஞர் ஈடுபட்டனர். அக்கால ஐரோப்பாவில் எழுந்த புதுப்பாணிகளும், அம்ஸ்ரர்டாம் நகருக்கே உரிய கட்டட மரபும், கீழைத்தேயச் சாயலும் இங்கு ஒருங்கே கலந்துள்ளன. 1921 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 28 ஆந் திகதி இது திறந்துவைக்கப்பட்டது.

இக்கலப்பினையே குற்றமாகக் கூறுவாரும் உளர். அளவறிந்து நிறுத்துவதே கலையின் உயிர் என்றும், இம்மாளிகையிலோ வெறுமையாக விடப்பட்ட ஓரிடமேனும் இல்லை என்றும் அவர் கூறுவர். இக்கூற்றினை முற்றாகத் தள்ளுதல் இயலாது. படம் பார்க்க வந்தவனுடைய கண்ணைச் சுவரும் விதானமும் தம்பால் ஈர்க்குமாயின், அவை திரைக்குப் போட்டியாக அமைகின்றன அன்றோ? எனினும், ஒரு கட்டடத்தின் அணிகள் மிகையா அன்றா எனத் துணிவதற்கு முன், அவை யாருக்காக, எந்நோக்குடன் அமைக்கப்பட்டன என்பதை அறிதல் வேண்டும். அதற்கு அதனைக் கட்டுவித்தவரின் வரலாறு துணைசெய்யும்.

ஆபிரகாம் துஷின்ஸ்கி 1886 ஆம் ஆண்டிலே, அப்போது ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்திற் பிறந்த யூதர்; தொழிலால் தையற்காரர். இளமையிலேயே தாயகத்தை விட்டு நீங்கிய அவர் அமெரிக்கா செல்லும் நோக்கத்துடன் ஒல்லாந்தின் துறைமுக நகராகிய றொட்டர்டாமை அடைந்தார். கப்பலேறாது அங்கேயே தங்கித் தையல் தொழிலை மேற்கொண்டதோடு, தம்மைப் போன்று நாடு விட்டு நாடு செல்வோர் தங்குவதற்கு ஒரு விடுதியும் நடத்தினார். 1911 ஆம் ஆண்டில் அந்நகரிலே தம் முதலாவது படமாளிகையைத் தொடங்கினார். பத்தாண்டுகளின் பின்னர் அம்ஸ்ரர்டாமில் அவர் மாளிகை எழுந்த இடமோ, ‘பேய் மூலை’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய ஏழைச் சேரியாகும். இம்மாளிகைக்கு ஏறத்தாழ 40 இலட்சம் கில்டர் செலவாயிற்று எனக் கூறுவர்.

இவ்வரலாற்றை உளங்கொண்டு மீண்டும் அக்கம்பளத்தையும் விளக்குகளையும் நோக்குமிடத்து, அவற்றின் கருத்து வேறாகத் தோன்றும். அரசர் தம் செல்வத்தைப் பிறர் கண்டு அஞ்சும்பொருட்டு மாளிகை கட்டினர். துஷின்ஸ்கியோ, நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் சில மணி நேரம் விருந்தினராக இருக்கும்பொருட்டு மாளிகை கட்டினார். அந்நியர் தங்கும் விடுதி நடத்திய ஒருவர் இவ்வாறு எண்ணியது வியப்பன்று. பகல் முழுவதும் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்துக் களைத்தவர்கள், தம் வீட்டில் ஒருபோதும் காணவியலாத கம்பளத்தின் மீது இங்கு நடந்தனர். மாடங்களுக்கும் சிறப்பிருக்கைகளுக்கும் சாதாரண இருக்கைகளுக்கும் வேறுபாடு இருந்தமையால், இச்சமத்துவம் முழுமையானதன்று என்பதும் உண்மையே. ஆயினும் வாயில் எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே இவ்வணிகளை வெறும் ஆடம்பரம் என ஒதுக்குதல் பொருந்தாது.

இனி, பிரயாணி இதனைக் காணும் முறையை நோக்குவோம். அண்மைக் காலத்தில், காட்சிகள் தொடங்குமுன் ஒலிவழிகாட்டியின் துணைகொண்டு மாளிகையைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் அளிக்கப்பட்டுள்ளது. பிரயாணி அதனைக் காதில் மாட்டிக்கொண்டு கூடம் கூடமாகச் செல்கின்றான்; கைத்தொலைபேசியாற் படம் பிடிக்கின்றான்; வெறுமையான அரங்கை மாடத்தில் நின்று நோக்குகின்றான்; பின்னர் வேறோர் இடத்தைக் காண விரைகின்றான். கோயிலுக்குச் சென்ற ஒருவன் கோபுரத்துச் சுதையுருக்களை எண்ணி முடித்து, திரை விலகித் தீபாராதனை நிகழுமுன்னரே வீடு திரும்புவானாயின், அவன் கோயிலைக் கண்டான் எனக் கூறுதல் யாங்ஙனம்?

படமாளிகை என்பது காலத்தோடு கூடிய கலை. வீதியின் இரைச்சலிலிருந்து ஒளிமிக்க முன்கூடத்துக்கும், அங்கிருந்து அரங்கின் மெல்லொளிக்கும், ஈற்றில் இருளுக்கும் பார்வையாளனைப் படிப்படியாக அழைத்துச் செல்லும் வண்ணம் அது வகுக்கப்பட்டுள்ளது. பேசாப்படக் காலத்தில் ஓர்கன் வாத்தியமும் இசைக்குழுவும் இப்பயணத்துக்குத் துணைநின்றன. விளக்கு அணையும்போது அணிகள் யாவும் மறைந்து திரையொன்றே எஞ்சும். சுவரும் விதானமும் திரையோடு போட்டியிடுகின்றன என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே தக்க விடையாகும். முன்னே செறிந்த ஒளி பின்னே வரும் இருளுக்கு ஆயத்தம் செய்கின்றது. எல்லா விளக்குகளும் எரியக் கண்டு திரும்புபவன், முகவுரையைப் படித்து நூலை மூடியவனாவான்.

காட்சி நீங்கிய மாளிகை எந்நிலை அடையும் என்பதற்கு அமெரிக்காவிற் சான்றுகள் உள. 1927 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஏறத்தாழ 6,000 இருக்கைகளுடன் திறக்கப்பட்ட றொக்சி படமாளிகை 1960 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. டெற்றோயிற் நகரில் 1926 ஆம் ஆண்டில் எழுந்த மிச்சிகன் படமாளிகையின் கதி அதனினும் வியப்பானது. 1970 களில் அதன் அரங்கின் உட்பகுதி அகற்றப்பட்டு, பல தளங்கொண்ட வாகனத் தரிப்பிடமாக மாற்றப்பட்டது. சிதைந்த சித்திர விதானத்தின் கீழே மோட்டார்க் கார்கள் வரிசையாக நிற்கும் காட்சியைக் காணவும் பிரயாணிகள் சென்றனர். ஹென்றி ஃபோர்ட் தம் முதலாவது மோட்டார் வண்டியை 1896 ஆம் ஆண்டிற் செய்த பட்டறையும் அவ்விடத்திலேயே இருந்தது. விதானம் எஞ்சினும் அதன் கீழ்க் கூடியிருந்து சிரிக்கவும் அழவும் மக்கள் இன்மையால் அதனை மாளிகை எனல் பொருந்தாது.

துஷின்ஸ்கி மாளிகையோ இவ்வழிவினின்றும் தப்பியது. ஆயின் அதற்கு நேர்ந்த இன்னல் வேறு வகையது. 1940 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியர் ஒல்லாந்தின் மீது படையெடுத்தனர். றொட்டர்டாம் குண்டுவீச்சில் அங்கிருந்த துஷின்ஸ்கியின் படமாளிகைகளும் அழிந்தன. அம்ஸ்ரர்டாம் மாளிகை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. யூதர் ஒருவரின் பெயர் அதன் முகப்பில் விளங்குதலைப் பொறாதார் அதற்குத் ‘திவோலி’ எனப் பெயரிட்டனர். 1942 ஆம் ஆண்டிலே துஷின்ஸ்கி அவுஸ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். அவருடைய உறவினரும் தொழிற் பங்காளருமான இருவரும் நாசிகளாற் கொல்லப்பட்டனர். யாவரையும் விருந்தினராக ஏற்ற வாயிலுக்குள், அதனை அமைத்தவரே புகுதற்கு உரிமையற்றவராயினார்.

போர் முடிந்தபின் பழைய பெயர் மீண்டும் முகப்பில் இடம்பெற்றது. 1960 ஆம் ஆண்டில் யூடி கார்லண்ட் இம்மேடையிற் பாடினார். 1998 முதல் 2002 வரை நடைபெற்ற பெருந் திருத்தவேலையின்போது, பிற்காலத்துப் பூச்சின் கீழ் மறைந்திருந்த பழைய ஓவியங்கள் வெளிக்கொணரப்பட்டன. நூற்றாண்டு நிறைவெய்திய 2021 ஆம் ஆண்டிலே ‘அரச’ என்னும் அடைமொழியும் இம்மாளிகைக்கு வழங்கப்பட்டது. நாடிழந்து வந்த தையற்காரர் ஒருவரின் பெயருக்கு முன்னர் அரச விருது இன்று நிற்கின்றது. ஓவியத்தை வியக்கும் பிரயாணி, இப்பெயரை ஒரு வணிகக் குறியாகக் கருதிக் கடந்து செல்வானாயின், அம்மாளிகையிற் காணத்தக்கவற்றுள் முதன்மையானதைக் காணாது விடுகின்றான்.

பிரயாணிகளின் வருகையாற் கிடைக்கும் பொருளும் புகழும் இத்தகைய கட்டடங்களைப் பேணுதற்கு உதவுகின்றன என்று ஒருவர் கூறலாம். அது மறுக்கற்பாலதன்று, வருவாயற்ற எத்தனையோ மாளிகைகள் மண்ணோடு மண்ணாயின. ஆனால் பேணப்படுவது கல்லும் கம்பளமும் மட்டுமாயின், டெற்றோயிற்றின் விதானத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியாக இராது. ஆகவே, இங்கு வரும் பிரயாணி செய்யத்தக்கது எளியதே. வழிகாட்டி கூறுவதைக் கேட்டபின், மாலைக் காட்சிக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கி, அந்நகர மக்களோடு தானும் ஒருவனாக அமர்தல் வேண்டும். காட்டப்படும் படம் சிறந்ததாயினும் அல்லாததாயினும் குற்றமில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி, பேச்சொலி அடங்கி, அருகிருப்போர் எந்நாட்டவர் என்பதும் தெரியாது போகும் அவ்வேளையிலே, துஷின்ஸ்கி எதற்காக இதனைக் கட்டினார் என்பது அவனுக்கு விளங்கும். காட்சி முடிந்து வீதிக்கு வரும்போது, முகப்பில் உள்ள பெயரை ஒருமுறை நிமிர்ந்து படித்துச் செல்வானாயின் அதுவே சாலும்.